சுமைதாங்கியும் ஒரு தானமே

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

தானம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர். இதனை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். அந்நான்கினுள் எதில் அடங்கும் என்று எனக்கே ஐயமாயுள்ள ஒரு சிறு தானத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். களைத்து வந்தவருக்கு அமர ஓர் இடம் தருவதே அது.

சென்ற சித்திரையில் ஒரு நண்பகல். கும்பகோணத்திலிருந்து பொதி கொண்டுவந்த இளைஞர் ஒருவர், சுவாமிமலையில் எங்கள் வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்தி நிழல் தேடினார். நெடுநாள் வழிப்போக்கர் அமர்ந்த திண்ணைதான் எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியவன் நான். அவர் கம்பிக்கு வெளியே ஒரு முழ நிழலில் ஒண்டி நின்றார். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மிடறு பருகிவிட்டுத் திருப்பித் தந்தார். “இன்னும் குடியுங்கள், தம்பி” என்றேன். “வேண்டாங்க ஐயா. நிறையக் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும்” என்றார்.

தண்ணீர்ப் பந்தல் வைத்தால் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தவன் நான். ஒதுங்க இடமில்லாமையால் ஒருவர் தாகத்தையே அடக்கிக்கொள்கிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இத்தொழிலில் பெண்களும் இருக்கின்றனர்; அவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தங்குமிடம் அமைத்தல் நமக்குப் புதிய அறமன்று. மாங்குளம், அழகர்மலை, சித்தன்னவாசல் குன்றுகளில் சமண முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகளை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். அழகர்மலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், கொழு வணிகர் முதலியோர் கொடையாளராகக் குறிக்கப்படுகின்றனர். எனவே அரசர் மட்டுமே செய்த அறமன்று அது. படுக்கையைக் காட்டிலும் என்னை வியக்கச் செய்வது, குகையின் நெற்றியில் வெட்டிய நீர்வடி விளிம்பு. மழைநீர் உள்ளே வழியாமல் அங்கே தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். தங்குபவரின் இடுக்கண் அறிந்து வெட்டிய கோடு அது.

சுமைதாங்கியும் அத்தகையதே. இரண்டு நிலைக்கற்கள், அவற்றின்மேல் ஒரு குறுக்குக்கல், அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கையை நாடாமல் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது நிற்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதனை நிறுத்தும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. ஒரு குடும்பத்தின் துயரம், ஊரார் தோளுக்கு ஆறுதலாயிற்று.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரைவழியே நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் நடவாமல், தங்கித் தங்கிச் சென்றனர். இன்று அதே காவிரி நாட்டில் பொதி சுமப்பவர்க்குத் தங்கும் உரிமை இல்லை. அவர் கைப்பேசி அழைத்தவுடன் புறப்பட வேண்டும்.

பிற ஊர்களில் என்ன செய்தார்கள்? இலண்டனில் 1875ஆம் ஆண்டு முதல் குதிரை வண்டியோட்டிகளுக்குச் சாலையோரத்திலேயே மரக்குடில்கள் கட்டினர். பொதுச்சாலையில் நிற்பதால், ஒரு குதிரையும் வண்டியும் கொள்ளும் இடத்திற்கு மேல் அவை பரவலாகாது என்பது விதி. 61 குடில்கள் எழுந்தன. 13 இன்றும் நிற்கின்றன. நம் தமிழ்நாட்டில், இணையவழிப் பணியாளர்க்கென 2023இல் அரசு தனி நலவாரியம் அமைத்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணாநகரில் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. இருக்கை, கழிவறை, கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதி ஆகியன அங்கு உண்டு.

நம் ஊருக்குக் குளிரூட்டி வேண்டுவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் போதும். ஆனால் அது கடைத்தெருவை ஒட்டி இருத்தல் வேண்டும். தொலைவில் கட்டினால் எவரும் வாரார். அமர்ந்தபடியே தம் வண்டியைக் காண வேண்டும். ஓடு வேய்ந்த கூரை, மழைச்சாரல் தடுக்கும் தாழ்வாரம், குடிநீர், மின்னேற்றும் இணைப்பு, பெண்களுக்குத் தனித் தாழ்ப்பாளுடன் கழிவறை ஆகியன தேவை. எந்த நிறுவனம், எந்த ஊர் என்று வினவாதிருத்தல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது.

“இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் அல்லவா இதனைச் செய்ய வேண்டும்?” என்று கேட்பீர்கள். நியாயமான வினாவே. அவர்களைக் கேட்போம், அரசையும் கேட்போம். ஆயினும் அவர் சுமந்து வருவது நம் வீட்டுப் பொதி. பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பு நமக்குண்டு. ஆனால் நகரங்களில் வாழும் நம் பிள்ளைகளின் வாயிலுக்கு நள்ளிரவிலும் உணவு வருகிறது. அதைக் கொண்டுவருபவரின் வருத்தத்தில் நமக்குப் பங்கில்லை என்று எங்ஙனம் கூறுவோம்?

சென்ற மாதம் என் திண்ணைக் கதவின் பூட்டைப் பகற்பொழுதில் நீக்கிவிட்டேன். அந்த இளைஞர் மீண்டும் வரவில்லை. வேறு இருவர் வந்து அமர்ந்தனர். ஆயினும் தெருவோரக் கழிவறை ஒன்று அமைக்க என் ஓய்வூதியம் போதாது. அதனால்தான் இந்த அவையை நாடுகிறேன். நம் அறக்கட்டளை மண்டபத்தின் சாலையோரச் சுவரை ஒட்டி இடம் இருக்கிறது. அடுத்த ஜயந்திக்குள் அங்கு ஒரு நிழல் எழுமாயின், என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தை அளிக்கிறேன். கல்வெட்டில் எவர் பெயரும் வேண்டா.

 வாழ்க அறம்!