உயர்த்திய கரங்கள்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற உரை)



சன்னிதியில் தீபாராதனை காட்டப்பெறும்பொழுது அடியார்கள் இரு கரங்களையும் தலைக்குமேல் உயர்த்தித் தொழுகின்றனர். மனம் நிறைந்த நிலையின் அடையாளம் அது. அதனால்தான் போலும், வேறோர் உயிர் கரங்களை உயர்த்தினாலும் அதுவும் மகிழ்ச்சியே என்று மனிதன் எண்ணிவிடுகின்றான்.

2009ஆம் ஆண்டில் இணையத்தில் ஒரு காணொளி உலகெங்கும் பரவியது. வீட்டில் வளர்க்கப்பட்ட தேவாங்கு ஒன்றுக்கு ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்டுகின்றார். அது இரு கைகளையும் மேலே தூக்குகின்றது. இலட்சக்கணக்கானோர் கண்டு களித்தனர். பலர் தமக்கும் அப்படியொன்று வேண்டும் என்றனர்.

உண்மை வேறு. இவ்வகைத் தேவாங்கின் கையில், முழங்கைக்கு அருகே உட்புறமாக ஒரு சுரப்பி உண்டு. அச்சம் நேருங்கால் அது கைகளைத் தலைக்குமேல் தூக்கி, அச்சுரப்பு நீரை நக்கி உமிழ்நீருடன் கலந்து, தன் கடியை நஞ்சாக்கிக் கொள்ளும். பாலூட்டிகளுள் நஞ்சுடையவை மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. உலகம் சிரித்த அக்காட்சி, ஓர் உயிர் அஞ்சித் தன்னைக் காத்துக்கொள்ள முனைந்த காட்சியாகும்.

மலேசியக் காடுகளிலும் இவ்வினம் வாழ்கின்றது. மலாய்க்காரர் இதனைக் கொங்காங் என்பர். (மெலிந்தவரைத் தமிழர் ‘தேவாங்கு’ எனக் கேலி செய்வது இதனைக் கண்டன்று, தமிழகத்திலுள்ள மெலிந்த உறவினத்தைக் கண்டு.) இரவில் இரைதேடும் இதன் பெரிய கண்களுக்குப் படமெடுக்கும் விளக்கொளி பெருந்துன்பம். கடிக்கு அஞ்சும் வணிகர்கள் இதன் முன்பற்களை நகவெட்டியால் வெட்டிவிடுகின்றனர். மயக்க மருந்து கிடையாது. புண் சீழ்பிடித்து மடிபவை பல. பிழைத்தவற்றையும் மீண்டும் காட்டில் விட இயலாது. மரப்பட்டையைக் கீறிப் பிசினுண்ணும் விலங்கு பல்லின்றி எங்ஙனம் வாழும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2007இல் இதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முற்றிலும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2013இல் புக்கெட் தீவில் புகழ்பெற்ற பாடகி ஒருவர் தேவாங்குடன் எடுத்த படத்தை இணையத்தில் வெளியிட்டதும், அதனைக் காட்டிப் பிழைத்த இருவரைத் தாய்லாந்துக் காவலர் கைது செய்தனர். படத்தைப் பார்த்து மகிழ்ந்தோரை எச்சட்டமும் தொடவில்லை, தொடவும் இயலாது.

தொலைவில் நடப்பதென்று இதனை ஒதுக்குவதற்கில்லை. பத்துமலைப் படிகளில் ஒரு கையில் வாழைப்பழமும் மறுகையில் கைப்பேசியுமாக நிற்போர் எத்தனை பேர்! பழத்தை நீட்டி, கொடாமல் இழுத்து, குரங்கு பல்லைக் காட்டியதும் ‘சிரிக்கிறது’ என்று படம் எடுக்கின்றனர். குரங்கு பல்லைக் காட்டுவது அச்சத்தினாலோ மிரட்டவோதான். மறுநாள் அக்குரங்கு வேறொரு குழந்தையின் கையைக் கடித்தால், புகார் குரங்கின்மீது, கூண்டும் அதற்கே. அனுமன் சிலைக்கு வடைமாலை சாற்றிவிட்டு வந்தவரும் அக்கூட்டத்தில் உண்டு என்பதுதான் வருத்தம்.

இத்தகைய காணொளி குடும்பக் குழுவிற்கு வருமாயின், கண்டிப்பதற்காகக்கூட அதனைப் பிறருக்கு அனுப்பாதிருத்தல் நலம். சினத்துடன் பார்த்தாலும் பார்வைக் கணக்கு ஒன்று கூடவே செய்யும். அக்கணக்கே அவர்தம் வருமானம். காட்டுயிர் விற்கப்படுவதையோ வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருப்பதையோ கண்டால், பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்கலாம்.