அரசாணையும் வழக்கறிஞரும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி ஊக்குவிப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

மேற்படிப்பு என்றவுடன் மருத்துவம், பொறியியல், கணினி என்று பேசுவதே நம் இல்லங்களின் வழக்கமாக இருக்கிறது. சட்டம் படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "அடிதடி வழக்கும் பாகப்பிரிவினை வழக்கும் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. வழக்கறிஞர் தொழிலில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் வழங்கும் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வரித்துறை, நகராட்சி ஆகிய அரசு அமைப்புகள் பிறப்பிக்கும் ஆணைகளின் மீது வழக்காடுவதே அப்பிரிவு. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு வாழும் நம்மைப் போன்ற ஊர்களுக்கு அதைவிட நெருக்கமான சட்டத்துறை வேறில்லை.

இத்தொழிலின் அடிப்படையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அரசு அதிகாரி ஒருவர் ஒரு தொழிற்சாலையை மூடலாம். ஓர் உரிமத்தை நீக்கலாம். ஆனால் அதற்கு முன் பாதிக்கப்படுபவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். காரணத்தைக் கூற வேண்டும். நிர்வாக முடிவுகளும் இயற்கை நீதிக்குக் கட்டுப்பட்டவையே என்று 1969-இல் கிரைபக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1977-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு காரணம் கூறப்படாமல் முடக்கப்பட்டபோது எழுந்த வழக்கில், 1978-இல் அந்நெறி மேலும் உறுதிப்பட்டது. மொகிந்தர் சிங் கில் வழக்கு மற்றொரு முக்கியமான விதியைத் தந்தது. ஆணையில் எழுதப்பட்ட காரணம் எதுவோ, அதைக் கொண்டே அவ்வாணை சரியா தவறா என்று பார்க்கப்படும். வழக்கு வந்த பிறகு புதுக் காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக் கொடுக்க இயலாது. ஆதலால் இவ்வழக்கறிஞரின் முதல் வேலை பேசுவதன்று, படிப்பதே. ஆணையை வரிவரியாகப் படிப்பது, கோப்பைத் தேதிவாரியாக அடுக்குவது, விடுபட்டது எது என்று காண்பது ஆகியவற்றில்தான் அவருடைய திறமை வெளிப்படும்.

நமக்கு நேரடியாகத் தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகிறேன். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கழிவுநீர் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. அதிகாரி முன்னறிவிப்புத் தர வேண்டும். தொழிற்சாலைப் பொறுப்பாளர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். பொறுப்பாளர் கேட்டால் இரண்டாவது பகுதியும் ஆய்வகத்திற்குச் செல்ல வேண்டும். இம்முறை பின்பற்றப்படாவிட்டால் அந்த ஆய்வு முடிவை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க இயலாது. இதே பிரிவில் மறுபக்கமும் உண்டு. பொறுப்பாளர் வேண்டுமென்றே விலகிச் சென்றுவிட்டால், அவர் இல்லாமலேயே மாதிரி எடுத்து அனுப்பலாம். அதிகாரி வரும் செய்தி அறிந்து பின்வாசல் வழியாக வெளியேறுபவர், சட்டம் தமக்குத் தந்த பாதுகாப்பைத் தாமே கைவிட்டுச் செல்கிறார்.

இனி, இத்துறையில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு வழக்கறிஞரைப் பற்றிக் கூற விரும்புகிறேன். அவர் நம் தரப்பில் நின்றவர் அல்லர். நமக்கு எதிர்த்தரப்பில் நின்று வென்றவர். எதிர்த்தரப்பில் நின்றவரிடமிருந்தும் பாடம் கற்கலாம் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜம்மு காஷ்மீரின் ரஜவுரிப் பகுதியில் 1946-இல் பிறந்த எம்.சி. மேத்தா, உச்ச நீதிமன்ற வழக்கறிஞர். தாஜ்மகாலின் பளிங்கைத் தொழிற்சாலைப் புகை அரிக்கிறது என்று 1984-இல் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பரில் 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கங்கை மாசு குறித்த அவருடைய வழக்கில், கான்பூர் ஜாஜ்மவுப் பகுதித் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1987 செப்டம்பரில் உத்தரவாயிற்று. முதற்கட்டச் சுத்திகரிப்பு வசதியேனும் செய்யாதவை இயங்கக் கூடாது என்பதே அது. அந்த உத்தரவு வந்த நாளிலேயே பாலாற்றங்கரையில் நாமும் விழித்திருக்க வேண்டும்.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மனுதாரர் தரப்பில் வாதாடியவர் மேத்தா. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஃபைஸானுத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோரும் அவ்வமர்வில் இருந்தனர். தோல் தொழில் நாட்டிற்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதையும் பலருக்கு வேலை தருவதையும் தீர்ப்பு மறுக்கவில்லை. ஆயினும் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை எத்தொழிலுக்கும் இல்லை என்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தம் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையதே என்னும் நெறிகளை நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டத்தொகை விதிக்கப்பட்டது. இழப்பீட்டைக் கணக்கிட, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஏற்படுத்தவும் வழி செய்யப்பட்டது. மேத்தாவிற்கு வழக்குச் செலவாக 50,000 ரூபாய் வழங்கவும் உத்தரவாயிற்று.

இவ்வெற்றி நாவன்மையால் மட்டும் வந்ததா? தீர்ப்பைப் படித்தால் உண்மை விளங்கும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வும் இருக்கிறது. அரசுத் தரப்பு ஆவணத்திலிருந்து மற்றொரு குறிப்பும் எடுத்தாளப்பட்டுள்ளது. வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களில் இருந்த 584 தோல் தொழிற்சாலைகளில், வாரியத்தின் இசைவு கோரி விண்ணப்பித்தவை 443 மட்டுமே. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்ய 1985 ஜூலை 31 வரை அவகாசம் தரப்பட்டிருந்தது. தேதிகளும் எண்களுமே அந்த வழக்கில் பேசின. அவற்றுக்கு மறுமொழியாக நம்மவர்கள் மேலும் அவகாசம் வேண்டும் என்றும் விண்ணப்பித்தனர். அவகாசம் கேட்பது வாதம் ஆகாது.

சகோதரர்களே! இங்கு ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். தோல் தொழில் நமக்குச் சோறு போட்டது. நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்வி நிலையங்களும் அதன் வருவாயில் எழுந்தவை. நம் சமுதாயத்தவர் மட்டுமன்றி, பிற சமயச் சகோதர சகோதரிகள் எத்தனையோ பேர் அதில் உழைத்து உண்கிறார்கள். அதே நேரத்தில், உப்பேறிய கிணற்றின் சொந்தக்காரரும் நம் அண்டை வீட்டாரே. அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை ஜும்ஆ மேடையில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நீதிக்குச் சாட்சியாக நிற்பது நமக்கே எதிராக முடிந்தாலும் நிற்க வேண்டும் என்பதும் நம் மார்க்கத்தின் கட்டளை.

ஆகவேதான் நல்ல வழக்கறிஞர் நமக்குத் தேவை. சட்டத்திற்குப் புறம்பான ஆணை வந்தால் அதை எதிர்த்து நின்று தொழிலைக் காப்பவர் அவர். வழக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, "ஐயா, உங்கள் கழிவுநீர் அளவுக்கு மேல் இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்" என்று தம் கட்சிக்காரரிடம் சொல்லத் துணிபவரும் அவரே. இரண்டாவது பணிக்கு முதலாவதைக் காட்டிலும் துணிவு அதிகம் வேண்டும். பணம் தருபவரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வது அமானிதத்தின் ஒரு பகுதியாகும்.

இவ்வழக்கு முடிந்துபோன பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2025 ஜனவரி 30 அன்று, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு சென்று சேர வேண்டும் என்றும், நிலைமையைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. மனு தாக்கலாகி 34 ஆண்டுகள் கழிந்த பின்னும் வழக்கு உயிரோடிருக்கிறது. அதை அடுத்த தலைமுறையில் யார் படிக்கப் போகிறார்கள்?

அப்படிப் படிக்க முன்வரும் மாணவர்களுக்குச் சில செய்திகள். மேல்நிலைக் கல்விக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பும், பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பும் இருக்கின்றன. வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி உள்ளது. பதிவுக் கட்டணமாகப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பார் கவுன்சில்கள் பெறக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும். பிறகு மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் சில ஆண்டுகள் பயில வேண்டும். அந்த ஆண்டுகளில் வருமானம் மிகக் குறைவு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதியில் விலகுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். வேதியியலோ பொறியியலோ படித்துவிட்டுச் சட்டம் பயில்பவருக்கு மாசு வழக்குகளில் தனி மதிப்பு உண்டு; ஆய்வக அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் வழக்கறிஞர் மிகச் சிலரே. பெண்பிள்ளைகளும் தயங்க வேண்டாம். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்த பாத்திமா பீவி அவர்கள், கேரளத்தில் முன்சீப்பாகப் பணி தொடங்கியவர். பின்னாளில் நம் தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தவர்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, கல்வி உதவித்தொகையில் சட்ட மாணவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அவர்கள் மூத்தவரிடம் பயிலும் தொடக்க ஆண்டுகளிலும் அது தொடரட்டும். இரண்டு, அரசு அறிவிப்பு எதுவாயினும், வந்த தேதியைக் குறித்து, உரிய காலத்தில் எழுத்து மூலம் மறுமொழி தரும் பழக்கத்தை நம் வணிகர்களிடையே வளருங்கள். இசைவு மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குச் சட்டம் தரும் காலம் 30 நாட்கள். மேசை இழுப்பறையில் உறங்கும் அறிவிப்புக்காகக் காலம் காத்திருக்காது. மூன்று, பள்ளிவாசலின் வக்ஃபு ஆவணங்களையும் வரவு செலவுக் கோப்புகளையும் இதே ஒழுங்குடன் பேணுங்கள். ஊருக்கு எடுத்துக்காட்டு பள்ளிவாசலிலிருந்தே தொடங்கட்டும்.

நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும்போது, அவர் கையில் உள்ள கோப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். அந்தக் கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பு இன்று நம்முடையது. வல்ல இறைவன் நம் தொழிலிலும் நம் நீரிலும் நம் பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்தருள்வானாக. ஆமீன்.