யார் பெயரால் சத்தியம்?



யூதர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே கடவுளைத்தான் வணங்குகிறார்களா? இதுதான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. நம் தேவாரம் ஊர்க் கடைவீதியில் யாரை நிறுத்திக் கேட்டாலும், "எல்லாம் ஒண்ணுதானப்பா" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னி குயிக் படத்துக்கே பொங்கல் வைக்கிற பள்ளத்தாக்கு இது; வேறென்ன சொல்வார்? அந்தப் பதிலில் நல்ல மனசு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று சமயத்தாரும் எதற்காக இத்தனை நூற்றாண்டு வாதாடினார்கள் என்று தெரிந்துகொள்ளும் சிரமத்தை அது எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு பழைய சாட்சியத்திலிருந்து தொடங்குகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம். அங்கே 849-ஆம் ஆண்டு, சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் ஒரு செப்பேடு கொடுத்தார். மார் சபீர் ஈசோ என்ற கிறிஸ்தவர் எழுப்பிய தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் விட்டுக்கொடுத்த பட்டயம் அது. எழுத்து வட்டெழுத்து. கடைசி ஏட்டுக்கு வந்தால் எழுத்தே மாறிவிடுகிறது. கூஃபி அரபியில் சில கையெழுத்துகள், பழைய பாரசீகமான பஹ்லவியில் சில, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் சில. மாதாகோவில் சொத்துக்கு முஸ்லிமும் யூதரும் சாட்சி போட்டிருக்கிறார்கள். சாட்சி போட்ட இவர்களைப் போன்ற வெளிநாட்டு வணிகர்களின் அமைப்புக்கு அஞ்சுவண்ணம் என்று பெயர். தோப்பில் முகமது மீரானின் 'அஞ்சுவண்ணம் தெரு' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, அன்றே ஒரே கடவுள் என்று ஒப்புக்கொண்டார்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. பஹ்லவியில் எழுதியவர்களில் சொராஸ்திரியரும் உண்டு. அவர்கள் ஆபிரகாம் வழி வந்தவர்களே அல்லர். செப்பேட்டிலிருந்து தெரிவது ஒன்றுதான்: ஒருவர் சாட்சியம் மற்றவரிடம் செல்லுபடியானது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. ஏனென்றால் இன்றைய கேள்வியை வேதபண்டிதர்கள் மட்டும் எழுப்பவில்லை. கூட்டு வியாபாரம் செய்தவர்களும் எழுப்பினார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் ரபேனு தாம் என்ற யூத குரு இருந்தார். அவர் காலத்து வழக்கைக் கேளுங்கள். ஒரு யூதரும் ஒரு கிறிஸ்தவரும் கூட்டு. கணக்கில் தகராறு வருகிறது. கிறிஸ்தவப் பங்காளி சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. வேறு தெய்வத்தின் பேரில் ஒருவனைச் சத்தியம் செய்ய வைப்பது யூதருக்குப் பாவம் என்று அவர்களுடைய சட்டநூலான தல்மூது தடுக்கிறது. அப்படியானால் முதல் முழுக்கப் போக வேண்டியதுதானா? ரபேனு தாம் அனுமதி கொடுத்தார். அவர்கள் புனிதர்கள் பெயரைச் சொன்னாலும், கூடவே வேறொன்றைச் சேர்த்துக்கொண்டாலும், மனதில் வைத்துச் சொல்வது வானத்தையும் பூமியையும் படைத்தவரைத்தான் என்பது அவர் காட்டிய நியாயம். இது வியாபாரிக்குச் சாதகமான தீர்ப்பு என்று கேலி செய்யலாம். ஆனால் பிற்கால யூத அறிஞர்கள் பலர் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேசும்போது இந்த நியாயத்துக்குத்தான் திரும்பி வந்தார்கள்.

அதே நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் வேறு மாதிரி சொன்னார். முஸ்லிம்கள் வணங்குவது ஏக இறைவனைத்தான், அதில் குறையில்லை என்றார். கிறிஸ்தவர்களை விக்கிரக ஆராதனைக் கணக்கில் வைத்தார். ரபேனு தாம் கிறிஸ்தவர்கள் நடுவிலும் மைமோனிடிஸ் முஸ்லிம்கள் நடுவிலும் குடியிருந்தார்கள்; அக்கம்பக்கத்தாரை இருவரும் நன்றாக அறிந்திருந்தார்கள். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சபையின் கதை முதலிலேயே சிக்கலானது. 144-ஆம் ஆண்டு வாக்கில் ரோமாபுரியில் மார்சியன் என்பவர், யூத வேதத்தின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று போதித்தார். சபை அவரை வெளியே தள்ளியது. அன்றே அவர் சொன்னதை ஏற்றிருந்தால், ஆபிரகாமும் தாவீதும் இல்லாத ஒரு பைபிள்தான் நம் பக்கத்து இராயப்பன்பட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும். முஸ்லிம்கள் விஷயத்தில் 1076-இல் ஏழாம் கிரகோரி பாப்பரசர் வட ஆப்பிரிக்க மன்னர் ஒருவருக்கு எழுதிய கடிதம், இரு சமயத்தாரும் ஒரே கடவுளையே, வெவ்வேறு விதமாக, நம்புவதாக ஒப்புக்கொண்டது. சிலுவைப் போர் தொடங்க இன்னும் இருபது வருடம் இருந்தது! 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதையே சபையின் போதனையாக எழுதிவைத்தது. புராட்டஸ்டன்டுகளில் ஒருமித்த கருத்து இன்றும் இல்லை. 2015-இல் அமெரிக்காவின் வீட்டன் கல்லூரிப் பேராசிரியை லாரிசியா ஹாக்கின்ஸ், கிறிஸ்தவரும் முஸ்லிமும் வணங்குவது ஒரே கடவுளை என்று எழுதியதால் பணி இடைநீக்கத்துக்கு ஆளாகி, பிறகு கல்லூரியை விட்டே போனார்.

குர்ஆன், வேதக்காரர்களான யூதரிடமும் கிறிஸ்தவரிடமும் நயமாகப் பேசச் சொல்லும் இடத்தில், உங்கள் இறைவனும் எங்கள் இறைவனும் ஒருவனே என்று சொல்லச் சொல்கிறது. அதே குர்ஆன் திரித்துவத்தை ஒரு துளியும் ஏற்பதில்லை. இறைவனுக்கு மகன் உண்டென்பதை வன்மையாக மறுக்கிறது. மகனில்லாத கடவுளை என் கடவுள் என்று எப்படிச் சொல்வேன் என்று கிறிஸ்தவர் கேட்டால் அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. இதையெல்லாம் மெழுகி மறைக்கக் கூடாது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மூவரும் நோக்கிக் கூப்பிடுவது ஒருவரைத்தான். ஆபிரகாமை ஊரை விட்டுப் புறப்படச் சொன்னவர், மோசேயோடு பேசியவர் என்று மூவரும் அடையாளம் சொல்கிறார்கள். அவர் எப்படிப்பட்டவர், என்ன செய்தார் என்பதில் பெரிய வேறுபாடு. அந்த வேறுபாட்டோடுதான் அவரவர் வழிபாடு இருக்கிறது. அதைக் கழித்துவிட்டால் வணங்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஓர் உதாரணம் போதும். ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கத் துணிந்த கதை கிறிஸ்தவர்களுக்குப் பாஸ்கா இரவு வாசகங்களில் ஒன்று. யூதர்கள் அதைப் புத்தாண்டின் இரண்டாம் நாள் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். பக்கத்து உத்தமபாளையத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானியே அந்த நினைவுக்குத்தான். பைபிளில் அந்தப் பிள்ளை ஈசாக்கு. குர்ஆன் அந்த இடத்தில் பெயரைச் சொல்லவில்லை; பெரும்பாலான முஸ்லிம்கள் இஸ்மாயில் என்று கொள்கிறார்கள். ஆனால் பழைய உரையாசிரியர் தபரீ ஈசாக்கு என்றே கருதினார். யூதர் இதைப் பலி என்றுகூடச் சொல்வதில்லை, கட்டுதல் என்பார்கள். பிள்ளையைக் கட்டியதோடு சரி, வெட்டவில்லையே. கிறிஸ்தவருக்கோ அது சிலுவையின் முன்னடையாளம். இந்த ஒரு கதையில் மூன்று சமயமும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று கண்ணுக்கு நேரே தெரியும்.

ஒரே கடவுளா என்ற இந்தக் கேள்வியில் அரசாங்கம் தலையிட்டால் என்ன ஆகும் என்பதை மலேசியா பார்த்துவிட்டது. 'ஹெரால்ட்' என்ற கத்தோலிக்க வார இதழ் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வந்தது. மலாய்ப் பக்கங்களில் கடவுளை அல்லாஹ் என்று எழுதக் கூடாது என்று உள்துறை தடுத்தது. 2009 டிசம்பர் 31-இல் உயர் நீதிமன்றம் எழுதலாம் என்றது. அடுத்த மாதமே தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. காவல்துறையும் உள்துறையும் இறையியல் பேசத் தொடங்கினால் இப்படித்தான்.

நம் நாட்டில் அந்த ஆபத்தைச் சட்டமே தவிர்த்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, உத்தமபாளையம் நீதிமன்றக் கூண்டில் ஏறும் இப்ராகிமும் ஆபிரகாமும் சொல்வது ஒரே வாசகம்: கடவுள் பெயரால் சத்தியம், அல்லது உளமார உறுதி. எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதில்லை. கீதை மேல் கை வைப்பதெல்லாம் சினிமாவோடு சரி.

அறக்கட்டளைக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு என்னைப் போல் ஒருவரைத் தனியாகப் பேச அழைக்காதீர்கள். ஒரு ஹஜ்ரத்தையும் ஒரு பங்குச் சாமியாரையும் இதே மேடையில் உட்கார வைத்து, ஆபிரகாம் மகனின் கதையை அவரவர் வேதத்திலிருந்து முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் நேரத்தை மாணவர்களுக்கே விட்டுவிடுங்கள்.