ஊராட்சி கரண்டு பில்லும் நம்ம காசுதான்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழுக் கணக்குல பத்து ரூபாய் இடிச்சாலும் ரொக்கப் புத்தகத்தை மூட விடமாட்டோம். ஆனா ஊராட்சி அலுவலகம், தெருவிளக்கு, தண்ணித்தொட்டி மோட்டார், இதுக்கெல்லாம் எவ்வளவு கரண்டு பில் ஆகுதுன்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'அரசாங்கக் காசு'ன்னு விட்டுடறோம். நாம கட்டுற வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஊராட்சிக்குத்தான் போகுது. பில் கூடினா, சாக்கடை தூர்வாரவும் உடைஞ்ச குழாயை மாத்தவும் காசு குறையும்.

கணக்கு சுலபம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். பழைய டியூப்லைட் சோக்கோட சேர்த்து சுமார் 50 வாட் இழுக்கும். எல்.இ.டி. டியூப்லைட்டுக்கு 20 வாட் போதும். ஊர்ல 100 தெருவிளக்கு, ராத்திரி 12 மணி நேரம் எரியுதுன்னு வச்சுக்குங்க. அதை மாத்தினா மாசம் 1,080 யூனிட் மிச்சம். எல்.இ.டி. வந்தாச்சுன்னாலும் விடிஞ்சபிறகு அணைக்கணும். இல்லேன்னா ஒவ்வொரு மணி நேரமும் 2 யூனிட் வெயில்ல எரியுது.

அலுவலகத்துக்குள்ளயும் இப்படித்தான். பழைய ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் அதுல பாதிகூட இழுக்காது. ஆள் இல்லாத அறையில ஃபேன் எதுக்கு? பெரிய அலுவலகங்கள்ல ஏ.சி.யை 24 டிகிரியில வைக்கலாம். ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும்னு மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லுது. தொட்டி நிரம்பி வழிஞ்சா தண்ணியோட கரண்டும் வீணாகுது.

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல வங்கிக் கடன் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில சொந்தக் காற்றாலை நிறுவினது. தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே வித்தது. எல்லா ஊருக்கும் அது முடியாது. ஆனா பில்லை எடுத்துப் பார்க்க எல்லா ஊருக்கும் முடியும்.

அதனால அடுத்த கிராம சபையில மூணு கேள்வி கேளுங்க:

1. போன 12 மாச மின்கட்டணம், இணைப்புவாரியா எவ்வளவு?
2. பயன்படுத்தாத இணைப்புக்கும் பணம் கட்டுறோமா?
3. தெருவிளக்கையும் மோட்டாரையும் நேரத்துக்கு அணைக்க யார் பொறுப்பு?

பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. பகல்ல விளக்கு எரிஞ்சா சுவிட்சுப் பெட்டியை நீங்க தொடாதீங்க, பொறுப்பாளருக்குச் சொல்லுங்க.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 — வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுது. கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுக்கு மட்டும் போகாம, கணக்குக் கேக்கவும் போவோம். இந்த மாசக் குழுக் கூட்டத்துலயே யார் கேக்குறதுன்னு முடிவு பண்ணிடுங்க.