கிணற்றுப் பம்பு மாற்றுதலும் ஜல அழுத்தமும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)



கவலை கட்டி இறைத்த காலத்தில் ஜலத்தின் அழுத்தத்தைப் பற்றி விசாரிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. சால் மேலே வந்தால் ஜலம் வந்தது, அவ்வளவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னை மாகாணத்துக் கிணறுகளில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் வைத்துப் பரீக்ஷித்தார். பின்னர் மின்சாரம் பரவியது. இன்று வெம்பாக்கத்துப் பக்கத்தில் தறியுள்ள வீடுகளிலும் மோட்டார் ஓடுகிறது. பழைய மோட்டார் எரிந்துபோனால், கடன் வாங்கியேனும் புதியது வைக்கிறார்கள். அவ்விதம் வைக்கும்போது பெரும்பாலோர் கேட்பது "எத்தனை குதிரைச் சக்தி?" என்பதொன்றே. நஷ்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மாடியில் தொட்டியுள்ள வீட்டில் குழாய் மந்தமாக ஒழுகுகிறதென்று பெரிய மோட்டார் வாங்குவோர் உண்டு. இது வீண் செலவு. குழாயில் வரும் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததேயன்றி மோட்டாரைப் பொறுத்ததன்று. தொட்டி ஜலத்தின் மட்டம் குழாய்க்கு 15 அடி மேலிருந்தால், சதுர அங்குலத்திற்குச் சுமார் 6½ ராத்தல் அழுத்தமே கிடைக்கும். கிணற்றில் யானை பலமுள்ள யந்திரம் வைத்தாலும் அது மாறாது. தொட்டியை உயர்த்துதல், துருவேறிய குழாயை மாற்றுதல், அகலமான குழாய் போடுதல் ஆகியவையே பரிகாரம். சாயமிட்ட பட்டு நூலை அலசுவதற்கு ஜலம் ஒரே சீராக ஓடினால் போதுமென்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

பம்பு தெரிந்தெடுப்பதற்கு அளவு வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, ஜலம் எத்தனை அடி ஆழத்திலுள்ளதென்று சித்திரை மாதத்தில் அளக்க வேண்டும். கார்த்திகையில் அளந்தால் கணக்குப் பிசகும். கோடையில் ஜலமட்டம் 60 அடி ஆழத்திலும், தொட்டியின் வாய் தரைக்கு 25 அடி மேலும் உள்ளனவென்று வைத்துக்கொள்வோம். குழாயின் உராய்வுக்கு 10 அடி கூட்டினால் 95 அடி, அதாவது 29 மீட்டர் ஆகும். பம்பின் தகட்டில் 'ஹெட்' என்று பொறித்துள்ள எல்லைகளின் நடுவில் இவ்வெண் விழ வேண்டும். தகட்டிலுள்ள உச்ச எண்ணில் ஜலம் அநேகமாக வராது.

தரைமேல் வைக்கும் சாதாரணப் பம்புக்கு இன்னொரு தடையுண்டு. ஜலத்தை மேலேற்றுவது வெளிக்காற்றின் அழுத்தமே என்பதை 1643-ல் இத்தாலிய சாஸ்திரி டாரிசெல்லி விளக்கினார். அதன் எல்லை சுமார் 34 அடி. அனுபவத்தில் 25 அடிக்கு மேல் உறிஞ்சுதல் துர்லபம். ஆகையால் ஆழ்ந்த கிணற்றுக்கு நீர்மூழ்கிப் பம்போ, ஜெட் பம்போதான் தகும்.

தொட்டியின்றி, காற்றடைத்த அழுத்தக் கலத்தையும் தானியங்கும் சுவிட்சையும் வைத்துள்ள வீடுகளில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். சுவிட்ச் 20 ராத்தலில் பம்பை ஓட்டி 40 ராத்தலில் நிறுத்துமென்றால், 40 ராத்தல் என்பது 92 அடி உயர ஜலத்துக்குச் சமம். கார்த்திகையில் ஜலமட்டம் 20 அடியிலிருந்தால் மொத்தம் 112 அடி (34 மீட்டர்). சித்திரையில் 60 அடியானால் 152 அடி (46 மீட்டர்). புதுப் பம்பின் உச்ச ஹெட் 42 மீட்டராயின், மழைக்காலத்தில் ஒழுங்காக நிற்கும். கோடையிலோ 40 ராத்தலை எட்டமாட்டாமல், நிற்காமலே ஓடிச் சூடேறி எரிந்துபோகும். வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார். கணக்கோ முதல் நாளே பிழையாயிருந்தது. நிறுத்தும் அளவைக் குறைப்பதே இங்கு செய்யத்தக்கது.

அதைச் செய்யும் விதம்: முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, கலத்திலுள்ள ஜலம் முழுவதையும் வடித்துவிட வேண்டும். பிறகு டயர்க் காற்றளக்கும் கருவியால் பார்த்து, பம்பு ஓடத் தொடங்கும் அளவுக்கு 2 ராத்தல் குறைவாகக் காற்றை நிரப்ப வேண்டும். தொடக்கம் 20 ஆனால் காற்று 18. சாதாரண சுவிட்சில் பெரிய வில்லின் மரையைத் தளர்த்தினால் தொடக்கம், நிறுத்தம் இரண்டும் குறையும். சிறிய வில்லின் மரை நிறுத்தத்தை மட்டும் மாற்றும். அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பலாகாது. ஒவ்வொரு முறையும் மூடியை மூடி, பம்பை ஓட்டி, அழுத்தமானியைப் பார்த்த பிறகே அடுத்த திருப்பு. தொடக்க அளவு மாறினால் காற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

மும்முனை மோட்டார் புதிதாகப் பூட்டியதும் அழுத்தம் மிகக் குறைவாயிருந்தால், அது எதிர்ப்புறமாகச் சுழல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மின்வேலை தெரிந்தவர் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். இதையறியாமல் பம்பையே திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

பாறைக் கிணற்றில் ஊற்று மெதுவாகவே சுரக்கும். பம்பு அதனினும் வேகமாக இறைத்தால், ஜலமின்றி வெறுமனே ஓடிக் கெடும். அப்போது வெளியேற்றும் குழாயின் வால்வைச் சிறிது மூடி ஓட்டத்தைக் குறைக்கலாம். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் மூடலாகாது.

பம்புக்குக் கடன் கேட்போரிடம் சங்கப் பஞ்சாயத்தார் நிலத்தின் பத்திரத்தோடு கோடைக்காலத்துக் கிணற்றின் ஆழத்தையும், தொட்டியின் உயரத்தையும், வாங்கவிருக்கும் பம்பின் ஹெட்டையும் ஒரு தாளில் எழுதி வாங்குவார்களாக. மூன்று எண்களும் பொருந்தாவிட்டால், பணம் கொடுக்குமுன் கயிற்றையும் கல்லையும் எடுத்துக்கொண்டு ஒருவர் கிணற்றடிக்குச் சென்று வரலாம்.