நைல் வளரவில்லை



மக்கள்தொகை என்றதும் உலகக் கணக்கைச் சொல்லி மலைக்க வைப்பது மேடை வழக்கம். 2022 நவம்பரில் உலக மக்கள் 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மதகைக்கூடத் திறக்க முடியாது. எனவே இந்தத் தொடக்க உரைக்கு ஒரே நாடு, ஒரே ஆறு போதும்: எகிப்தும் நைலும்.

1959-ல் எகிப்தும் சூடானும் நைல் நீரைப் பங்கு போட்டுக்கொண்டன. எகிப்துக்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. பெரும்பகுதி நீரைத் தரும் எத்தியோப்பியாவை யாரும் கேட்கவில்லை. அப்போது எகிப்தியர் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர். 2020 பிப்ரவரியில் பத்துக் கோடி. ஒப்பந்தத்தின் எண் மட்டும் அசையவில்லை, மழையோ பெயருக்குத்தான். வகுத்துப் பார்த்தால், தலைக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் இருந்த நைல் பங்கு இப்போது 500-ஐ ஒட்டி நிற்கிறது. 1,000-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்பது நீரியலார் கணக்கு.

அஸ்வான் உயர் அணை 1970-ல் முடிந்தது. வெள்ளம் அடங்கியது, போகம் கூடியது. ஆனால் வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட, வயல்கள் உரமூட்டைக்குப் பழகின.

நிலத்தின் கதை இன்னும் மோசம். மக்களில் சுமார் 95 விழுக்காட்டினர் நாட்டின் 5 விழுக்காடு நிலத்தில்தான் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பாலை பரந்து கிடக்கிறது. வீடு முளைப்பதோ டெல்டாவின் கறுப்பு மண்ணில். மகனுக்குக் கல்யாணம் என்றால் தகப்பனின் வயலில் செங்கல் வந்து இறங்கும். 2011 புரட்சிக்குப் பின் கண்காணிப்பு தளர்ந்தபோது இது கட்டுக்கடங்காமல் போனது.

சோறு போடும் வயல் சுருங்கினால் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டும். கோதுமை இறக்குமதியில் எகிப்து உலகின் முன்வரிசையில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு ரஷ்யாவும் உக்ரைனும் அனுப்பியது. 2022-ல் அங்கே போர் மூண்டதும் கெய்ரோவின் ரொட்டிக்கடைகள் கலங்கின. 1977 ஜனவரியில் உணவு மானியத்தைக் குறைக்கப் போய்த் தெருக்கள் பற்றியெரிந்ததை எந்த அரசும் மறக்கவில்லை. ஐந்து பியாஸ்டர் மானிய ரொட்டி இருபது பியாஸ்டராக 2024 வரை காத்திருந்தது அந்தப் பயத்தால்தான்.

பழியைத் தாய்மார்கள் தலையில் கட்டுவது எளிது, அநியாயமும்கூட. 2014-ல் பெண்ணுக்கு 3.5 குழந்தைகளாக இருந்த பிறப்பு வீதம் 2021-ல் 2.85 ஆகிவிட்டது. நீரைச் சேமிக்க நெல் பரப்பை 2018-ல் கடுமையாகக் குறைத்த அரசு, வயலை விழுங்கும் செங்கல்லை அதே கண்டிப்போடு முன்பே தடுத்திருக்கலாம். இதற்கிடையே, நைலின் மேற்பகுதியில் எத்தியோப்பியா 2011-ல் தொடங்கிய பேரணை 2025-ல் திறக்கப்பட்டுவிட்டது.

இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வேண்டுகோள். தலைக்கணக்கு அட்டவணை எங்கே வந்தாலும், நீரையும் நிலத்தையும் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற அட்டவணையும் பக்கத்திலேயே வரட்டும். அது இல்லாத கட்டுரையாளரை அமர்வுத் தலைவர்கள் கேள்வி கேட்காமல் விட வேண்டாம்.