கடல் கடந்த மருத்துவக் கல்வி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மருத்துவம் கற்க அயல்நாடு செல்லலாமா என்னும் வினா நம் காலனியில் பல இல்லங்களில் எழுந்துள்ளது. நீட் தேர்வில் தகுதி பெற்றும் அரசுக் கல்லூரியில் இடம் கிட்டுவதில்லை. தனியார் கல்லூரிக் கட்டணமோ மாத ஊதியக்காரர் எண்ணிப் பார்க்கவும் அஞ்சும் தொகை. ஆகவே ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் எனக் கண்கள் திரும்புகின்றன.

இவ்வேட்கை புதிதன்று. மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி 1883-இல் கப்பலேறி, அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1886-இல் பட்டம் பெற்றார். திரும்பியவருக்குக் கோலாப்பூர் மருத்துவமனையில் பெண்கள் பகுதியின் பொறுப்புக் காத்திருந்தது. அந்தோ, பணியேற்குமுன் 1887-இல் அவர் மறைந்தார். இன்று திரும்புவோர்க்கு அத்தகைய வரவேற்பு இல்லை. அயல்நாட்டுப் பட்டம் வேறு, இங்கே மருத்துவம் பார்க்கும் உரிமை வேறு. பெற்றோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுகின்றனர். கல்லூரியின் கட்டடத்தையும் கட்டணத்தையும் பார்க்குமுன், அங்கிருந்து திரும்பும் வழியைப் பார்க்க வேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது.

அவ்வழியைத் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகள் வகுத்துரைக்கின்றன. படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. பயிற்றுமொழி ஆங்கிலமாதல் வேண்டும். பின்னர் 12 மாதப் பயிற்சியை அதே அயல்நாட்டுக் கல்லூரியிலேயே முடித்தல் வேண்டும். அந்நாட்டுக் குடிமகனுக்கு இணையாக அங்கே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் வேண்டும். தாயகம் திரும்பித் தேர்வில் வென்றபின் மேலும் 12 மாதப் பயிற்சி உண்டு. சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் கல்வியும் பயிற்சியும் நிறைவுற வேண்டும். தடையின்றிச் சென்றாலும் ஏறத்தாழ ஏழாண்டு ஆகும் என்று கணக்கிடுக. முகவர்கள் தரும் வண்ணத் தாள்களில் இக்கணக்கு எளிதில் அகப்படுவதில்லை!

ஒரு விதியின் விளைவைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் முதலில் ஓர் இளங்கலைப் படிப்பு. அதன்பின் நான்காண்டு மருத்துவப் படிப்பு. நான்காண்டு என்பது 48 மாதம். முன்னைய இளங்கலைப் படிப்பை மருத்துவக் கல்வியாகக் கொள்ள இயலாது என்று ஆணையம் உரைத்தபோது, ஆறு மாதக் குறைவு எத்தனை குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்தது!

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். 2002 முதல் நடைபெற்று வரும் இத்தேர்வில் வினாக்கள் 300; வெற்றிக்கு 150 மதிப்பெண்; ஆண்டுக்கு இருமுறை வாய்ப்பு. ஆயினும் 2024 ஜூன் தேர்வில் ஐவரில் ஏறத்தாழ ஒருவரே தேறினர். மாணவர் அறிவிலிகள் என்பதன்று பொருள். வகுப்பில் ஆங்கிலம் ஒலிக்கும். நோயாளியோ தம் வயிற்றுவலியை ரஷ்ய மொழியில்தான் உரைப்பார். அம்மொழியைக் கல்லாதவர் நோயாளியின் கட்டிலருகே நின்றும் ஒன்றும் கற்பதில்லை. முதலாண்டிலேயே அந்நாட்டு மொழியைக் கற்பதற்கு நேரம் ஒதுக்கும் கல்லூரியே நம் மதிப்புக்குரியது.

நாட்டின் நிலைமையையும் கருதுதல் வேண்டும். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் பெரும்போர் மூண்டதை அறிவோம். ஏறத்தாழ 22,500 இந்தியர் தாயகம் திரும்பினர். அவர்களுள் மருத்துவ மாணவரே மிகுதி. இங்குள்ள கல்லூரிகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள விதி இடந்தரவில்லை. வேறு நாட்டுக் கல்லூரிகளுக்கு மாறிப் பயில ஆணையம் பின்னர் இசைந்தது. இறுதியாண்டினர் இங்கேயே தேர்வெழுத, ஒருமுறை மட்டும் என்னும் வரம்போடு, 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தில் வழி பிறந்தது. அதுவரை அவ்வீடுகளில் நிலவிய துயரம் சொல்லில் அடங்காது.

ஆணையமும் தேர்வு வாரியமும் நம் தில்லித் துவாரகாவிலேயே உள்ளன. ஊரிலிருந்து உறவினர், "நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், ஒருநடை போய்க் கேட்டு வாருங்கள்" என்று எழுதுவது நம்மவர்க்குப் பழகிப்போன செய்தி. கேட்டுச் சொல்வோம், அது நம் கடன். ஆனால் பணம் கட்டியபின் கேட்பதைவிட, கட்டுமுன் கேட்பது நலம். "இன்றே முன்பணம் கட்டுக" என்று முகவர் விரட்டினால் அஞ்ச வேண்டா. அயல்நாட்டுச் சேர்க்கைக்கு நீட் தகுதி மூன்றாண்டு செல்லும்.

அவ்விதிகளின் படி ஒன்று நம் சங்க நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஞாயிறு மாலைகளில் வந்து பார்க்கலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள்.